காலையில யாரு வந்து பாத்தாங்க?

டாக்டர் எஸ்தர் மறைந்த செய்தி வந்தபோது நான் முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றிருந்தேன். மயக்க மருந்து கொடுக்க அவர் வந்து சேர்வதற்கு முன்பே அறுவைக்குக் கை கழுவ ஆரம்பித்துவிடுவது, சர்ஜனான என் கெட்ட பழக்கம். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ருக்மணி கதவருகில் வந்து நின்று, "சார், நம்ம டாக்டரம்மா போயிட்டாங்களாமுங்க. விடியக்காலம் நெஞ்சுவலியாம்" என்றார். அதற்கு என் வாயில் வந்த முதல் வார்த்தை, "அப்ப இன்னைக்கு கேசுக்கு யாரு?" என்பது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எங்கள் இருவரையும் அறிந்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். அவர் எப்படியோ, நான் இப்படித்தான்.

பத்து வருடத்துக்கும் மேலாக என் கேஸ்களுக்கு அவர்தான் மயக்க மருந்து கொடுத்தார். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் தாமதமாக வந்தார். அந்த ஒரு நாளால் அவர் பெயருக்கு ஒரு களங்கம் வந்து, இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. அது அவருடையது அல்ல. யாருடையது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரைத் தெரியாதவர்களுக்கு நான் சொல்வதன் கனம் புரியாது.

எஸ்தர் எந்த ஒரு ஆஸ்பத்திரியையும் சேர்ந்தவர் அல்லர். எங்கள் ஊருக்குள்ளேயே ராமநாதபுரம் பகுதியில் வீடு. காலை ஆறு மணிக்கு மொபெட்டை எடுத்தாரென்றால் சிங்காநல்லூரில் ஒரு பிரசவ கேஸ், அவிநாசி ரோட்டில் ஒரு எலும்பு கேஸ், எங்களிடம் ஒரு பித்தப்பை என்று சுற்றிவருவார். நம் ஊர் நர்சிங் ஹோம்கள் பலவும் அன்றைக்கு இப்படிச் சுற்றிவரும் மயக்க டாக்டர்களை நம்பித்தான் ஓடின. நோயாளிக்கு அறுத்தவன் பெயர் தெரியும், தைத்தவன் பெயர் தெரியும், மயக்கம் கொடுத்தவர் பெயர் தெரியாது. கண் விழிக்கும்போது அவர் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். இதை ஒருமுறை நான் கிண்டலாகச் சொன்னபோது, "தூங்க வைக்கறது யாரு வேணும்னாலும் செஞ்சுபோடலாம் சார். எழுப்பறதுக்குத்தான் எனக்குக் கூலி" என்றார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் நோயாளிக்கு மூச்சுக் குறைகிறதா என்று பார்க்க எங்களிடம் இருந்த கருவிகள் கண்ணும் விரலும்தான். உதடு நீலமாகிறதா, நகம் கறுக்கிறதா, வெட்டின இடத்தில் ரத்தம் கருஞ்சிவப்பாக வருகிறதா. எஸ்தர் ஒரு விரலை எப்போதும் நோயாளியின் காது மடலுக்கு முன்னால், நாடி ஓடும் இடத்தில் வைத்திருப்பார். மூன்று மணி நேரக் கேஸானாலும் அந்த விரல் அங்கேயே இருக்கும். விரல் மரத்துப்போகாதா என்று கேட்டால், மரத்துப்போனால் கை மாற்றிக்கொள்வேன் என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்தது. விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் காட்டும் பெட்டி. நாடிக்கு நாடி 'டிக், டிக்' என்று ஒலி வரும். ஆக்சிஜன் குறையக் குறைய ஒலி தாழ்ந்துகொண்டே போகும். எங்கள் நிர்வாகம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொன்னதும் எஸ்தர் தன் சொந்தச் செலவில் ஒன்றை வாங்கிவிட்டார். அதை ஒரு துவாலையில் பொதிந்து, மொபெட்டின் முன்கூடையில் வைத்து, பச்சைக் குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி மேடு பள்ளம் பார்த்து ஓட்டிக்கொண்டு போவார். கருவி வந்ததும் அந்த விரல் ஓய்வெடுக்கும் என்று நினைத்தேன். விரல் தன் பாட்டுக்கு நாடியில் இருந்தது. காது புதிதாக ஒரு வேலைக்குச் சேர்ந்துகொண்டது.

அந்தக் கருவி எனக்கும் ஒருமுறை வைத்தியம் பார்த்தது. ஒரு நாள் தையல் நூல் சரியில்லை என்று நான் தியேட்டரில் தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் வந்து கிளிப்பை என் விரலில் மாட்டினார். நாடி நூற்றுப் பதினெட்டு. மெஷின் அடித்துக்கொண்ட வேகத்தைக் கேட்டு வார்டு ஆயா எட்டிப் பார்த்தார். "நோயாளிக்கு எழுபத்திரண்டு சார். உங்களுக்குத்தான் மொதல்ல மருந்து வேணுமாட்ட இருக்குது. கொஞ்சம் உக்காருங்க" என்றார் எஸ்தர். உட்கார்ந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அப்பா பெருந்துறையில் இருந்து வாரம் ஒருமுறை எழுதிய கடிதங்களால் சாதிக்க முடியாததை அந்தக் கிளிப் ஒரு நிமிடத்தில் சாதித்தது.

இனி அந்த நாள்.

மாராத்தாள் என்று ஒரு பெண்மணி. தாராபுரம் பக்கம் ஒரு கிராமம். நாற்பது வயது இருக்கும். பித்தப்பையில் கல். காலை ஒன்பதரைக்குக் கேஸ். அன்றைக்கெல்லாம் விதி ஒன்றுதான்: முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. ஆகவே ஒவ்வொரு கேஸுக்கு முன்பும் எஸ்தர் வார்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசாரிப்பார். பத்து நிமிடமாவது ஆகும். எனக்கு அது வெட்டிப் பேச்சாகத் தெரியும்.

அன்று காலை சிங்காநல்லூரில் ஒரு அவசரப் பிரசவம். எஸ்தர் போனில் கூப்பிட்டார். இருபது நிமிடம் தாமதமாகும், அந்த அம்மாளிடம் சாப்பிட்டாரா என்று நான் போய் நன்றாகக் கேட்டு வைக்க முடியுமா என்றார். ஆகட்டும் என்றேன். மதியம் எனக்கு ஒரு கல்யாண வரவேற்பு இருந்தது. வார்டு வாசற்படியில் நின்று, உள்ளே கால் கூட வைக்காமல், "ஒண்ணும் சாப்பிடலையே, அம்மணி?" என்று கேட்டேன். அந்த அம்மாள் எழுந்து நின்று, "இல்லீங்க" என்றார். அவ்வளவுதான் என் விசாரணை. எஸ்தர் வந்து, "கேட்டீங்களா சார்?" என்றபோது, "நல்லா விசாரிச்சுட்டேன் மேடம். சுத்தமா வெறும் வயிறு" என்றேன். அவர் என்னை நம்பினார். பத்து வருடத்தில் மற்றொருவர் கேட்ட கேள்வியை நம்பி அவர் மருந்து ஏற்றியது அன்று மட்டும்தான்.

ஊசி ஏறி, கண் மூடி, தொண்டையில் குழாய் போடுவதற்குள் வாந்தி பொங்கி வந்துவிட்டது. பால் காப்பியும், இடியாப்பம் போன்ற சந்தகையும். காலை முதல் பஸ்ஸில் தாராபுரத்திலிருந்து அண்ணன் வந்திருக்கிறார். அண்ணி விடியற்காலையில் எழுந்து பிழிந்த சந்தகை, பிளாஸ்க் நிறையக் காப்பி. அத்தனை தூரம் வந்த அண்ணன் ஊற்றிக் கொடுத்ததை வேண்டாமென்று சொல்ல நம் பக்கத்துப் பெண்களுக்கு வாய் வருமா? அதே வாய், டாக்டர் 'சாப்பிடலையே' என்று கேட்டால், டாக்டர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறாரோ அதைத்தான் சொல்லும். இரண்டும் மரியாதைதான். அந்த மரியாதை அன்று ஒரு உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது.

நான் மரம் மாதிரி நின்றேன். எஸ்தர் மேஜையைத் தலைப்பக்கம் தாழ்த்தி, தலையைத் திருப்பி, உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். துவாலையிலிருந்து வந்த அந்தப் பெட்டியின் ஒலி படிப்படியாக இறங்கிக்கொண்டே போனது. அந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது. குழாய் போட்டு, ஆக்சிஜன் பையை அமுக்க ஆரம்பித்தார். எங்களிடம் செயற்கை சுவாசக் கருவி கிடையாது. அது இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போகிறவரை, அங்கே படுக்கை கிடைக்கிறவரை, கைவிடாமல் அவரேதான் பையை அமுக்கினார். மாராத்தாள் ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்தார். உதடு நீலமாகிறவரை காத்திருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று அங்கிருந்த டாக்டர்கள் சொன்னார்கள்.

அன்று அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியே அண்ணன்காரர் கொதித்துக்கொண்டிருந்தார். மயக்க டாக்டரம்மா லேட்டாக வந்து அவசரத்தில் மருந்தை அதிகமாகக் கொடுத்துவிட்டார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எஸ்தர் அவர் முன்னால் போய் நின்று, "என்ற கையில நடந்ததுங்க. நாந்தானுங்க பொறுப்பு" என்றார். காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு என்னையும் கூட வந்த நர்ஸ்களையும் தனியே கூப்பிட்டு, "அண்ணன் ஊட்டுனதுல தங்கச்சிக்கு இப்படி ஆச்சுன்னு அவரு காதுல விழவே கூடாது. மனுசன் தாங்க மாட்டாரு" என்றார். நாங்கள் தலையாட்டினோம். எனக்கு அது எவ்வளவு வசதியாகப் போயிற்று! ஒரு அண்ணனைக் காப்பாற்ற அவர் விரித்த குடைக்குள் நானும் நுழைந்து நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் மூன்று நர்சிங் ஹோம்கள் அவரைக் கூப்பிடவில்லை. "எஸ்தரா? அந்த வாந்தி கேஸ்தானே" என்று என் காதுபடப் பேசினார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஒரே ஒருமுறை அவரிடம், தப்பு என்னுடையது என்று இழுத்தேன். "கேக்க வேண்டியது நானு. உங்ககிட்ட விட்டது என் தப்புதான். அத விடுங்க சார், கேள்வியே சரியில்ல. கேள்விய மாத்தணும்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

கேள்வியை மாற்றினார். அன்றிலிருந்து அவர் எந்த நோயாளியிடமும் சாப்பிட்டாயா என்று கேட்டதே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, ஊர் எது, மழை உண்டா என்று ஆரம்பித்து, "காலையில யாரு வந்து பாத்தாங்க?" என்பார். மாமன் வந்தார் என்றால், பாவம் வெறுங்கையோடவா வந்திருப்பார் என்பார். மாமனை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? தூக்குப்போசியில் பலகாரம் வந்த கதை தானாக வெளியே வரும். இதை ஒரு அட்டையில் எழுதி, தான் போகும் எல்லா ஆஸ்பத்திரி வார்டிலும் நர்ஸ்களிடம் கொடுத்தார்.

அடுத்தது இன்னும் துணிச்சலான காரியம். இரவு முழுக்கப் பட்டினி தேவையில்லை, அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் கொடுக்கலாம் என்று வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் புதிதாக எழுத ஆரம்பித்திருந்தார்கள். எஸ்தர் அவற்றை வரவழைத்துப் படித்து, எங்கள் வார்டில் அதைக் கொண்டுவந்தார். நான் எகிறினேன். வாந்தியில் சூடுபட்ட பூனை நீங்கள், நீங்களே தண்ணீர் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சுத்தமா ஒண்ணும் கூடாதுன்னா ஒளிச்சுக் குடிப்பாங்க சார். தண்ணி குடிச்சுக்கோங்க, பாலு மட்டும் வேண்டாமுன்னா, நம்ம சனம் கேக்கும். ஒண்ணு குடுத்தாத்தானுங்க ஒண்ணு கேக்க முடியும்." ஒரு பொள்ளாச்சிக்காரர் அப்போது இளநீர் குடிக்கலாமா என்று கேட்டு, அதில் வழுக்கை இருந்தால் என்ன செய்வது என்று அரைமணி நேரம் அவருடன் வாதாடியதும் நடந்தது. முடிவில் தண்ணீர்தான் வென்றது. ஆனால் நான் பார்த்தவரை ஒளித்துக் குடிப்பது அந்த வார்டில் அடியோடு குறைந்துபோயிற்று.

புதிய மருந்து ஒன்று வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பால் போல வெள்ளையாக இருக்கும். ஊசியில் ஏற்றினால் சுகமாகத் தூங்கி, சீக்கிரம் தெளிவாக எழுவார்கள். பழைய மருந்து போட்டவர்கள் சாயங்காலம் வரை உளறிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த வெள்ளை நிறத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் மேஜையிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க அம்மணி, எனக்குப் பால் ஊத்தப் போறீங்களா?" என்று கேட்டார். உயிர் போகிறவர் வாயில் பால் ஊற்றுகிற ஊர் அல்லவா. எஸ்தர் பதறவில்லை. "ஆமாங்க, ஊத்தறேன். எந்திரிச்சு எங்கிட்ட காப்பி கேக்கறீங்களா இல்லையான்னு பாருங்க" என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே தூங்கினார். எழுந்ததும் காப்பிதான் கேட்டார்.

லேப்ராஸ்கோப்பி வந்தபோது அவர் போட்ட சண்டை நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். வயிற்றைக் காற்றால் உப்ப வைத்துச் செய்யும் அறுவை அது. மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவை அளக்கும் கருவி வாங்காமல் கேஸில் கை வைக்க மாட்டேன் என்று ஐந்து மாதம் உட்கார்ந்துவிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கருவி வந்த பிறகுதான் கேஸ் நடந்தது. அவர் சொன்னது சரி என்று இரண்டாவது வாரமே எனக்குத் தெரிந்துபோயிற்று. அவரிடம் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

செய்தி வந்த அந்தக் காலைக்கு வருகிறேன். சத்தியமங்கலத்து விவசாயி ஒருவர், குடலிறக்கம். வேறொரு மயக்க டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். ருக்மணி நகராமல் நின்றார். "கேசு நாளைக்குத்தானுங்க சார் செய்ய முடியும். ஏழரைக்கு மருமகன் வந்தாராமா. காப்பியும் ரெண்டு பன்னும்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "டாக்டரம்மா குடுத்த அட்டையில இருக்கறபடி கேட்டேனுங்க" என்றார். சாதாரண நாளாக இருந்தால் மருமகனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று கையை மட்டும் துடைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு அடக்கம். நான் போவதற்கு அவரே வழி செய்து வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். பாதிப் பேர் நர்ஸ்கள். ஆராதனை முடிந்து மண் போட்ட பிறகு, வேப்பமரத்தடியில் ஒரு பெண்மணி தனியாக நின்றிருப்பதைப் பார்த்தேன். முகம் தெரிந்தது. மாராத்தாள். பேப்பரில் பார்த்து வரவில்லை, எஸ்தரின் வீட்டுக்காரரே ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் கேக் அனுப்புவாராம், பொங்கலுக்கு இவர் தேங்காய் அனுப்புவாராம். எனக்கு எதுவும் தெரியாது.

ஏழு வருடமாகத் தொண்டையில் நின்றதை அங்கேதான் சொன்னேன். "அம்மணி, அன்னைக்கு உங்களச் சரியா விசாரிக்காம, விசாரிச்சுட்டேன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னது நானு. பழி அவங்க மேல விழுந்துபோச்சு."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அண்ணன் போன வருசம் தவறிட்டாருங்க. கடைசி மட்டும் அவருக்குத் தெரியாதுங்க. ஆனா நெனவு வந்த மூணாம் நாளே நான் அந்தம்மா கையப் புடிச்சுட்டு அழுதுபோட்டேன். காப்பி குடிச்சத மறைச்சுப்போட்டேன், உங்களுக்குக் கெட்ட பேரு வந்துருச்சேன்னு. அதுக்கு அவங்க, 'நீங்க பொய் சொல்லல கண்ணு. பெரிய டாக்டரு வாசப்படியில நின்னுட்டு கேட்டா, நம்ம ஊர்ல யாரு ஆமான்னு சொல்லுவாங்க'ன்னாங்க."

வாசற்படி என்று நான் எஸ்தரிடம் சொன்னதே இல்லை. நன்றாக விசாரித்தேன் என்றுதான் சொன்னேன். மாராத்தாள்தான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு மூன்றாம் நாளே தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஏழு வருடம், எத்தனையோ கேஸ்களில், மேஜையின் அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். ஒரு பார்வையால்கூட அவர் காட்டிக்கொள்ளவில்லை. அன்று நடந்த தவறு டாக்டர் எஸ்தருடையது அல்ல, என்னுடையது. இதை அவர் உயிரோடு இருக்கும்போது எழுதியிருக்க வேண்டும். கோழைத்தனத்தில் எழுதாமல் விட்டேன். படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

அவருடைய ஆக்சிமீட்டரை, துவாலையோடு, எங்கள் தியேட்டருக்குக் கொடுத்திருக்கிறார் அவர் வீட்டுக்காரர். அது எல்லாருக்கும் பொது. நான் எனக்கென்று வைத்துக்கொண்டது வேறு. அடக்கத்துக்கு மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். சத்தியமங்கலத்துக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் போனார். தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, முப்பது வருட சர்வீசில் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தேன். பவானியில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றார். பிறகு கேட்டேன்.

"காலையில யாரு வந்து பாத்தாங்க?"

பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்கு யாரும் வரலீங்க. நீங்கதானுங்க வந்திருக்கீங்க."